மாப்பிள்ளை தேடி வந்த விண்கலம்: 1960இன் மெக்சிக்க நகைச்சுவைப் படம் ஒன்றும் அதன் பெண்களும்

வெள்ளிக் கிரகத்தில் ஆண்கள் பூண்டோடு அழிந்துவிட்டார்கள். அணுப்போர் அவர்களை விழுங்கிவிட்டது. இனி வம்சம் தழைக்க வேண்டுமானால் வெளியிலிருந்துதான் ஆண்களைக் கொண்டுவர வேண்டும். ஆட்சித் தலைவி இரண்டு பெண்களை அழைத்து ஆணையிடுகிறாள்: கிரகம் கிரகமாகப் போங்கள், ஒவ்வொன்றிலும் முதல்தரமான ஆண் ஒருவனைப் பிடித்து வாருங்கள். விண்கலம் கிளம்புகிறது. 1960இல் வெளிவந்த 'லா நாவே தெ லோஸ் மான்ஸ்த்ருவோஸ்' என்ற மெக்சிக்கப் படம் இப்படித் தொடங்குகிறது. தமிழில் 'பூதக் கப்பல்' என்று சொல்லலாம். இந்தக் கட்டுரையிலும் அப்படியே அழைக்கிறேன்.

பழைய மெக்சிக்க அறிவியல் புனைவு நகைச்சுவைப் படங்களில் ஆண் பெண் நிலை எப்படி இருந்தது, யார் உள்ளே சேர்க்கப்பட்டார்கள், யார் வாசலிலேயே நிறுத்தப்பட்டார்கள் என்று பார்ப்பதற்கு இந்த ஒரு படமே போதும் என்பது என் எண்ணம். முதல் காட்சியிலேயே பெண்களின் கையில் விண்கலம், ஆயுதம், அறிவியல், அதிகாரம் எல்லாவற்றையும் கொடுத்துவிடுகிறது படம். பிறகு ஒன்றரை மணி நேரத்துக்குள் அவற்றை ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. இதில் வியப்பில்லை, அந்தக் காலத்து எந்த நாட்டுப் படமும் இதைத்தான் செய்திருக்கும். ஆனால் பெண்ணிடமிருந்து வாங்கிய அதிகாரத்தை நம்பி ஒப்படைக்கத் தகுந்த ஆண் ஒருவனைக்கூட இந்தப் படத்தால் காட்ட முடியவில்லை. அங்கேதான் நகைச்சுவை பிறக்கிறது, படத்தின் குட்டும் வெளிப்படுகிறது.

அந்த நேரத்து மெக்சிக்கோ

இயக்குநர் ரொகெலியோ ஏ. கொன்சாலெஸ். தயாரித்தவர் ஹெசுஸ் சொத்தோமயோர். மெக்சிக்கத் திரையுலகின் பொற்காலம் என்று சொல்லப்படும் பருவம் அப்போது மங்கிக்கொண்டிருந்தது. பெரும் நட்சத்திரமான பெட்ரோ இன்பான்டே 1957 ஏப்ரலில் விமான விபத்தில் இறந்துபோனார். அந்த ஆண்டுகளிலேயே பல ஸ்டுடியோக்கள் கதவை மூடின. தொலைக்காட்சி வீட்டுக்குள் வந்துவிட்டது. குறைந்த செலவில் கூட்டத்தை இழுக்க வேண்டும் என்ற நெருக்கடி. கையில் இருந்த சரக்குகளையெல்லாம் ஒரே பானையில் போட்டுக் கிளறினார்கள்: மல்யுத்த வீரர்கள், இரத்தக் காட்டேரிகள், பேசும் இயந்திர மனிதர்கள், மாட்டுப் பண்ணைப் பாட்டுகள். 1957இல் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் மேலே போனதும் அந்தப் பானையில் ராக்கெட்டும் விழுந்தது.

பெண்களின் நிலையிலும் ஓர் இழுபறி இருந்தது. மெக்சிக்கப் பெண்களுக்கு முழு வாக்குரிமை கிடைத்தது 1953 அக்டோபரில்தான். 1955இல் முதன்முறையாக நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்தார்கள். குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு 1958இல் வந்தது. படம் வெளியானது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து. வாக்குச் சாவடிக்குப் போய்வந்த பெண் வீடு திரும்பியபோது அங்கே வேறு சட்டம் காத்திருந்தது. தலைநகர மாவட்டத்துக்காக 1928இல் இயற்றப்பட்ட குடிமைச் சட்டத்தின்படி வீட்டு நிர்வாகம் மனைவியின் கடமை. அந்தக் கடமைக்குக் குந்தகம் வராத வரையில்தான் அவள் வெளியே வேலைக்குப் போகலாம். இந்தப் பிரிவுகள் மாற 1974ஆம் ஆண்டின் கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மறு ஆண்டே பெண்களுக்கான ஐ.நா.வின் முதல் உலக மாநாடு மெக்சிக்கோ நகரில் கூடியது. விருந்தாளி வருவதற்கு முன் வீட்டைப் பெருக்கியதுபோல.

இந்தச் சட்டப் பிரிவை மனத்தில் வைத்துக்கொண்டு படத்தின் முடிவைப் பார்த்தால் அது வேறு விதமாகத் தெரியும். அங்கே பிறகு வருகிறேன்.

கதை

விண்கலத்தின் தலைவி காமா. ஆனா பெர்த்தா லெப்பே நடித்திருக்கிறார். அவளுக்கு அடுத்த நிலையில் இருப்பவள் பீட்டா. அவள் வெள்ளியைச் சேர்ந்தவள் அல்ல, வேறொரு கிரகத்தவள். இந்த வேடத்தில் லொரெனா வெலாஸ்கெஸ். துணைக்கு டோர் என்ற இயந்திர மனிதன். பல கிரகங்களில் இறங்கி ஆண்களைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். விண்கலத்தில் கோளாறு ஏற்பட்டு பூமியில் இறங்க வேண்டியதாகிறது. இறங்கிய இடம் வாஷிங்டனோ மாஸ்கோவோ அல்ல, வட மெக்சிக்கோவின் சிவாவா மாநிலத்தில் ஒரு வறண்ட கிராமப்புறம்.

அங்கே லௌரியானோ என்றொரு மாட்டுக்காரன். பாட்டுக்காரனும்கூட. ஊர் மதுக்கடையில் உட்கார்ந்துகொண்டு தன் வீரசாகசங்களை அளப்பதுதான் அவனுக்குப் பொழுதுபோக்கு. யாரும் நம்புவதில்லை, ஆனாலும் எல்லோரும் கேட்கிறார்கள். அப்படிப்பட்ட புளுகன் முன்னால் நிஜமாகவே விண்ணிலிருந்து இரண்டு அழகிகள் வந்து நிற்கிறார்கள். ஊரில் போய்ச் சொன்னால் யார் நம்புவார்கள்? நம் ஊர் ஜோதிடர் பார்த்திருந்தால் சுக்கிர திசை இவ்வளவு நேரடியாகவா அடிக்கும் என்று கேட்டிருப்பார்.

இருவரும் அவன்மேல் ஆசை கொள்கிறார்கள். பீட்டாவுக்கு இரத்த வேட்கையும் உண்டு, அவள் காட்டேரி இனம். மனித இரத்தத்தைக் குடித்து அகப்பட்டுக்கொண்டதும் காமா அவளுக்கு மரண தண்டனை விதிக்கிறாள். பீட்டா கிளர்ந்தெழுகிறாள். சிறைப்பட்ட பூதங்களை அவிழ்த்துவிட்டு பூமியைப் பிடிக்கப் பார்க்கிறாள். சண்டை நடக்கிறது. பீட்டா சாகிறாள், பூதங்கள் ஒழிகின்றன. காமா லௌரியானோவோடு பூமியிலேயே தங்கிவிடுகிறாள். டோர்? அவனுக்கு மதுக்கடையின் ஜூக்பாக்ஸோடு காதல் ஆகிவிட்டது. காசு போட்டால் பாடும் அந்தப் பெட்டியை விண்கலத்தில் ஏற்றிக்கொண்டு அவன் கிளம்பிவிடுகிறான்.

யாருக்காக அந்த ஹீல்ஸ்?

காமாவும் பீட்டாவும் நீச்சலுடையைப் போன்ற பளபளக்கும் ஒற்றை உடுப்பும் உயர்ந்த குதிகால் செருப்பும் அணிந்திருக்கிறார்கள். ஆண் வாசமே இல்லாத கிரகம் அது. அங்கே இந்த உடையை யார் வடிவமைத்தார்கள், யார் பார்ப்பதற்காக? படத்துக்குள் இதற்குப் பதில் கிடையாது. பதில் டிக்கெட் வாங்கிக்கொண்டு அரங்கில் உட்கார்ந்திருக்கிறது. லெப்பே 1953இல் மெக்சிக்க அழகியாகத் தேர்வாகி அதே ஆண்டு பிரபஞ்ச அழகிப் போட்டியிலும் முன்வரிசையில் வந்தவர். அவரை நடிக்க அழைத்தவர்கள் அந்தப் போட்டி மேடையையும் சேர்த்தே வாடகைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

உடை இப்படி இருந்தாலும் நடத்தை வேறாக இருக்கிறது. இரண்டு பெண்களும் லௌரியானோவை முதன்முதலில் சந்திக்கும் காட்சி என் மனத்தில் நிற்கிறது. இரவில் பாடிக்கொண்டே குதிரையில் வருகிறான். அவர்கள் பயந்து கூச்சலிடவில்லை, நாணிக் கோணவில்லை. கருவியால் அவனை அப்படியே உறைய வைத்துவிட்டுச் சந்தையில் மாட்டைப் பார்ப்பதுபோலச் சுற்றிச் சுற்றி வந்து பார்க்கிறார்கள். மெக்சிக்கப் பண்ணைப் படங்களில் அதுவரை ஆண்தான் பார்ப்பவன், பெண் பார்க்கப்படுபவள். குதிரைமேல் இருப்பவன் பாடுவான், சன்னலுக்குப் பின்னால் நிற்பவள் கேட்பாள். இங்கே பாட்டு பாதியில் நிற்கிறது, பாடியவன் சிலையாகிவிட்டான், பெண்கள் மதிப்பெண் போடுகிறார்கள். சில நிமிடங்கள்தான். ஆனால் அந்தச் சில நிமிடங்களில் படம் உண்மையிலேயே அறிவியல் புனைவு ஆகிறது. ராக்கெட் அட்டையில் செய்ததாகவே இருக்கட்டும்.

இதே காலத்து ஹாலிவுட்டோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். 1953இல் வந்த, அபட், காஸ்டெல்லோ என்ற அமெரிக்க நகைச்சுவை இணையின் படத்திலும் 1958இல் ஸ ஸ கபோர் நடித்த வண்ணப் படத்திலும் வெள்ளி பெண்களின் கிரகம்தான். ஆனால் அங்கே ராக்கெட் ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் ஆண்கள், போய் இறங்குமிடம் பெண்கள். பூதக் கப்பலில் பயணம் செய்பவர்கள் பெண்கள், இறங்குமிடம்தான் ஆண். உலகின் முதல் விண்வெளி வீராங்கனையான வாலென்டினா தெரெஷ்கோவா விண்ணுக்குப் போவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே சிவாவாவில் ஒரு பெண் கேப்டன் தரையிறங்கிவிட்டாள், கோமாளித்தனமான படத்தில் என்றாலும்.

பிபோர்ரோ என்ற ஆண்

லௌரியானோவாக நடித்தவர் எயுலாலியோ கொன்சாலெஸ். மெக்சிக்கர்களுக்கு அவர் 'பிபோர்ரோ'. 1921இல் நுவெவோ லியோன் மாநிலத்தில் பிறந்தவர். பெட்ரோ இன்பான்டே நடித்த வானொலித் தொடர் ஒன்றில் அவர் ஏற்ற பாத்திரத்தின் பெயர் அது, பிறகு அவரோடு ஒட்டிக்கொண்டது. வடக்கத்தியப் பேச்சு, தோல் ஜாக்கெட், தரையைக் குதிகாலால் தட்டி ஆடும் ஆட்டம். பாட்டின் நடுவே பாட்டை நிறுத்திவிட்டு நக்கலாக நாலு வார்த்தை பேசி மறுபடி பாட்டைப் பிடிப்பது அவருடைய தனி முத்திரை.

பண்ணைப் படங்களுக்கு 1936இலிருந்து ஒரு வார்ப்பு இருந்தது. அகன்ற தொப்பி, வெள்ளி வேலைப்பாடு கொண்ட உடை, கணீர்க் குரல், சட்டென்று பாயும் கோபம், குடி, மானம், துப்பாக்கி. மேற்கிலுள்ள ஹலிஸ்கோ மாநிலத்தின் குதிரை வீரனையே மெக்சிக்க ஆண் என்று நாட்டுக்கும் உலகுக்கும் காட்டினார்கள். பிபோர்ரோ அந்த வார்ப்பில் அடங்காதவர். வடக்கின் எல்லைப்புறத்துக்காரர், தலைநகரத்தின் காதுக்குக் கொஞ்சம் கரடுமுரடான பேச்சு. ஒரு வட்டாரத்தின் மொழியும் நடையும் கதாநாயகனாவதும் பன்முகத்தன்மைதான். தோலின் நிறத்தை மட்டும் கணக்கிட்டுக்கொண்டிருப்பவர்கள் இதைக் கவனிக்கத் தவறுகிறார்கள்.

வீரத்தைப் பொறுத்தவரை லௌரியானோ வெறும் வாய். பெற்றோர் இடத்தில் நின்று தன் சின்னத் தம்பி சூயியை அவன் வளர்க்கிறான் என்பதுதான் அவனிடம் நாம் நேரில் காணும் ஒரே ஆண்மை. மற்றதெல்லாம் கேள்விப்பட்டது, அதுவும் அவன் வாயாலேயே. ஹலிஸ்கோ வீரன் ஊரே அறியத் தன்னை நிரூபித்துக் காட்டுவான். இவனை ஊரே அறியும், ஆனால் பொய்யனாக. இப்படிப்பட்டவனிடம்தான் விண்ணையே ஆண்ட பெண் தன்னை ஒப்படைக்க வேண்டும் என்று கதை கேட்கிறது. காதல் என்றால் என்னவென்று காமாவுக்குத் தெரியாது, அவன் சொல்லிக்கொடுக்கிறான். பெண்ணுக்குத் தெரியாத ஒன்றே ஒன்று ஆணிடம் இருந்தாக வேண்டுமே! அறிவியலும் ஆயுதமும் கைவசமுள்ளவளுக்குக் கற்பிக்க அவனிடம் வேறு பாடம் இல்லை. அதனால் காதல்.

இதைத் திரைக்கதையின் தந்திரம் என்று ஒதுக்கலாம். ஆனால் அந்தத் தந்திரத்தைப் பிபோர்ரோ நடிக்கும் விதம் ஒதுக்கத் தக்கதல்ல. தான் சொல்லும் காதல் வசனத்தையும் தன் மதுக்கடைப் புளுகையும் அவர் ஒரே தொனியில் சொல்கிறார். அவன் உண்மையைச் சொல்கிறானா, அளக்கிறானா என்பதைக் காமாவால் பிரித்தறிய முடியாது. நமக்கும் அது அவ்வளவு எளிதல்ல.

பூதங்களும் நிறமும்

பிடித்து வைத்திருக்கும் ஆண்களை இப்போது பார்க்கலாம். செவ்வாயின் இளவரசன் தகுவாலுக்கு மண்டைக்கு வெளியே மூளை பிதுங்கி நிற்கிறது. ஊக், ஒற்றைக் கண் ராட்சதன். ஊதிர் பார்ப்பதற்குச் சிலந்தியும் பூச்சியும் கலந்தவன். சோக், வெறும் எலும்புக்கூடு. ஒவ்வொருவனும் அவனவன் கிரகத்தில் சிறந்த ஆண். இந்த எண்ணத்தை ஒரு கணம் படத்தைவிட அதிகமாக நம்பிப் பார்த்தால் விபரீதமான ஒரு சமத்துவம் தெரியும். எந்த உடலையும் அசிங்கம் என்று சொல்லாமல் வெள்ளியின் பெண்கள் ஏற்றிக்கொண்டார்கள். மூளை வெளியே தெரிந்தால் என்ன, ஒரு கண் குறைந்தால் என்ன, மரபணுவுக்கு உதவினால் சரி.

பூமிக்கு வந்ததும் இந்தப் பரந்த மனப்பான்மை ஆவியாகிவிடுகிறது. லௌரியானோவைப் பார்த்த கணத்திலிருந்து மற்ற நால்வரும் ஆண்கள் என்ற நிலையை இழந்து பூதங்கள் ஆகிவிடுகிறார்கள். மாப்பிள்ளைப் பட்டியலில் இருந்தவர்கள் குற்றப் பட்டியலுக்குப் போகிறார்கள். அவர்கள் செய்த குற்றம் பீட்டாவின் கலகத்தில் சேர்ந்தது. ஆனால் பிடித்துக்கொண்டு வந்தது யார்? அவர்களை யாரும் சம்மதம் கேட்டதாகப் படத்தில் இல்லை. கடத்தப்பட்டவர்கள் கலகம் செய்தால் அது கலகமா என்று பஞ்சாயத்தில் கேட்டால் வழக்கு காமாவுக்கு எதிராகப் போகக்கூடும்.

மெக்சிக்கோவில் இந்த விஷயத்துக்குப் பின்னால் ஒரு பெரிய நிழல் உண்டு. 1925இல் மெக்சிக்கச் சிந்தனையாளர் ஹோசே வாஸ்கொன்செலோஸ், எல்லா இனங்களும் லத்தீன் அமெரிக்காவில் கலந்து ஒரு பிரபஞ்ச இனம் உருவாகும் என்று எழுதினார். 1910இல் வெடித்த புரட்சிக்குப் பிந்தைய அரசு கலப்பினப் பெருமையைக் கொள்கையாகவே எடுத்துக்கொண்டது. பல உலகங்களின் ஆண்களைச் சேர்த்துப் புது வம்சம் உண்டாக்கும் வெள்ளியின் திட்டம் அந்தக் கனவின் கேலிச்சித்திரம் போலவே இருக்கிறது. எழுதியவர்கள் அதை நினைத்து எழுதினார்களா என்பது வேறு கேள்வி. கலப்பைப் பற்றிய அந்த நாட்டின் பேச்சும் நடப்பும் எப்படி விலகி நின்றன என்பதைப் படம் தெரியாமலே காட்டிவிடுகிறது. எல்லோரையும் சேர்ப்பதாகப் புறப்பட்ட விண்கலத்தில் கடைசியில் தேர்வானது ஒரு மனிதன், ஒரு பெண், இருவரும் வெளிர்நிறத்தவர்.

சிவாவா, தாராஹுமாரா என்று வெளியாரால் அழைக்கப்படும் ராராமுரி மக்களின் நிலம். செவ்வாய்க்காரனுக்கு இடம் இருக்கிற கதையில் அந்த நிலத்தின் பூர்வகுடிகளுக்கு இடம் இல்லை. இது இந்தப் படத்தின் தனிக் குற்றமல்ல. பொற்காலப் படங்களில் பூர்வகுடிப் பெண் வேண்டுமென்றால் வெளிர்நிற நட்சத்திரமான டொலோரெஸ் டெல் ரியோவுக்குப் பின்னல் போட்டுவிட்டார்கள். 1943இல் எடுக்கப்பட்ட 'மரியா காந்தெலாரியா' அப்படித்தான் உலகப் புகழ் பெற்றது. அது கண்ணீர்ப் படம், இது சிரிப்புப் படம். இரண்டிலும் நடிகர் தேர்வு ஒரே கண்ணாடியைப் பார்த்துத்தான் நடந்தது.

பீட்டாவைக் கொன்றது எது?

பூதக் கப்பலில் எனக்குப் பிடித்த பாத்திரம் பீட்டாதான். அவள்தான் வெள்ளியின் கட்டளையையும் பூமியின் காதலையும் ஒருசேர மறுக்கிறாள். பிள்ளை பெறுவதற்காக ஆணைத் தேடுவதில் அவளுக்கு அக்கறையில்லை. அவளுக்கு வேண்டியது பசியாறுவது, பிறகு ஆள்வது. லொரெனா வெலாஸ்கெஸ் இதை ஒளிவுமறைவில்லாமல் நடிக்கிறார். கோரைப் பல்லைக் காட்டும்போது அவருடைய முகத்தில் வெட்கமே இல்லை. அந்தக் காட்சிகளில் லெப்பே எங்கே நிற்கிறார் என்று கண் தேடுவதில்லை.

மெக்சிக்கத் திரையில் இரண்டு பெண்கள் சேர்ந்து வந்தால் ஒருத்தி தாய்க்கும் மற்றவள் தாசிக்கும் பிரித்துக் கொடுக்கப்படுவாள். இது அந்த நாட்டு விமர்சகர்கள் பலமுறை சுட்டிக்காட்டிய பழைய பங்கீடு. மெக்சிக்கர்கள் வணங்கும் மரியன்னையான குவாதலூப்பே அன்னை ஒரு பக்கம், ஸ்பானியப் படையெடுப்பின்போது அன்னியரோடு போனவள் என்று பழி சுமத்தப்பட்ட மாலிஞ்சே மறுபக்கம். பீட்டாவைப் படம் மாலிஞ்சே வரிசையில் நிறுத்துகிறது. ஆனால் ஒரு சிக்கல். அன்னியனோடு சேர்ந்து தன் நாட்டைக் கைவிடுபவள் உண்மையில் காமா. கட்டளையை மீறி, தன் மக்களுக்கு ஆண் கிடைக்கும் வழியை அடைத்துவிட்டு பூமிக்காரனோடு தங்கிவிடுகிறாள். துரோகம் என்று வெள்ளியில் ஒரு நீதிமன்றம் கூடினால் குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டியவள் அவள்தான். பீட்டாவுக்கு மரண தண்டனை விதித்த அதே காமா.

வெள்ளியின் நிலை என்ன ஆயிற்று என்று படத்தில் யாருமே கேட்கவில்லை. கதையைத் தொடங்கிவைத்த பிரச்சினை அப்படியே கிடக்கிறது. கொன்சுவேலோ ஃபிராங்க் நடித்த ஆட்சித் தலைவி இன்னமும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அனுப்பிய கப்பலில் திரும்பி வருவது ஓர் இயந்திர மனிதனும் ஒரு ஜூக்பாக்ஸும். ஓர் உலகமே அழிவின் விளிம்பில் நிற்கிறது, படமோ சிவாவாவின் ஒரு கல்யாணத்தோடு திருப்தி அடைந்துவிடுகிறது. நாட்டு நிர்வாகம், அறிவியல், விண்பயணம் என்று எதுவானாலும் ஒரு பெண் விட்டுவிட்டு வீட்டுக்குள் நுழைந்தால் அதைச் சுபம் என்றே கொள்ள வேண்டும் என்ற அந்த 1928ஆம் ஆண்டுச் சட்டத்தின் மனநிலைதான் இது. வீட்டுக் கடமைக்குக் குந்தகம் வருமானால் வேலையை விடு. காமாவின் வேலை ஓர் இனத்தைக் காப்பாற்றுவது. விட்டுவிட்டாள்.

வழக்கமான சோடிப் பொருத்தத்துக்கு வெளியே படம் அனுமதிக்கும் ஒரே காதல் டோருக்கும் ஜூக்பாக்ஸுக்கும் இடையிலானது. இரண்டுக்கும் பிள்ளை பிறக்காது, எந்தச் சட்டத்துக்கும் அவை கட்டுப்பட்டவை அல்ல. அவற்றுக்குத்தான் விண்கலமும் கிடைக்கிறது.

மற்ற படங்கள்

அதே இயக்குநர் ரொகெலியோ கொன்சாலெஸ் அதே ஆண்டில் 'சந்திரனை வென்றவன்' என்ற பொருள்படும் தலைப்பில் இன்னொரு விண்வெளி நகைச்சுவையை வெளியிட்டார். நாயகன் நகைச்சுவை நடிகர் கிளாவில்லாசோ, நாயகி ஆனா லூயிசா பெலுஃபோ. கைதவறி ராக்கெட்டைக் கிளப்பிவிட்டு இருவரும் சந்திரனில் போய் விழுகிறார்கள். அங்கே பெண் பயணி, கேப்டன் அல்ல. பூதக் கப்பலைவிட ஒரு படி கீழே என்று தயங்காமல் சொல்லலாம். 1956இல் நகைச்சுவை நடிகர் ரெசோர்தெஸ் நடித்த பறக்கும் தட்டுப் படத்தில் விண்ணுக்கே யாரும் போவதில்லை. ஓர் ஆணையும் பெண்ணையும் கிராமத்தார் செவ்வாய்வாசிகள் என்று தவறாக நினைத்துக்கொள்கிறார்கள். சிரிப்பு முழுவதும் கிராமத்து மக்களின் அறியாமையின்மேல் விழுகிறது. நகரத்து அரங்கில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அது வசதியாக இருந்திருக்கும்.

1963இல் ரெனே கார்டோனா எடுத்த பெண் மல்யுத்தப் படம் தனியாகக் குறிப்பிடத் தக்கது. பைத்தியக்கார மருத்துவனையும் அவன் உருவாக்கிய குரங்கு மனிதனையும் இரண்டு மல்யுத்த வீராங்கனைகள் அடித்து நொறுக்குகிறார்கள். ஒருத்தி லொரெனா வெலாஸ்கெஸ், மற்றவள் எலிசபெத் காம்பெல். கவனிக்க வேண்டியது இது: மெக்சிக்கோ நகரில் பெண்கள் மல்யுத்தம் செய்ய 1950களிலேயே தடை விதிக்கப்பட்டிருந்தது, அது 1986 வரை நீடித்தது. தலைநகரத்தின் அரங்குகளில் பெண் ஏற முடியாத வளையத்துக்குள் திரையில் மட்டும் ஏறினாள். அறிவியல் புனைவு என்று எந்தப் பகுதியைச் சொல்வது, குரங்கு மனிதனையா, வளையத்தில் நின்ற பெண்ணையா?

கேமராவுக்குப் பின்னால்

பூதக் கப்பலை எழுதியவர்கள், இயக்கியவர், ஒளிப்பதிவு செய்தவர், தயாரித்தவர் எல்லோரும் ஆண்கள். வேறு வழியும் இருக்கவில்லை. அந்தத் தலைமுறையில் மெக்சிக்கோவில் முழுநீளப் படங்களை இயக்கிய பெண் என்று மத்தில்தே லாந்தேத்தாவையே சொல்ல முடியும். படப்பிடிப்பில் காட்சிகளின் தொடர்ச்சியைக் கவனிக்கும் வேலையில் தொடங்கி, உதவி இயக்குநராகப் பல ஆண்டுகள் உழைத்து, 1948க்கும் 1951க்கும் இடையே மூன்று படங்களை எடுத்தார். அதற்குப் பிறகு கதவு சாத்தப்பட்டது. அடுத்த முழுநீளப் படத்தை எடுக்க அவர் 1990களின் தொடக்கம் வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது. அந்த நாற்பது ஆண்டு இடைவெளியில்தான் இங்கே பேசிய விண்வெளி, மல்யுத்தப் படங்கள் எல்லாம் வந்தன. லாந்தேத்தாவை இலட்சிய உருவாக நிறுத்த வேண்டாம் என்பதற்கும் ஆதாரம் உண்டு. புரட்சிக் காலத்தில் படை நடத்திய ஒரு கறுப்பினக் கலப்புப் பெண்ணைப் பற்றிய அவருடைய 1949ஆம் ஆண்டுப் படத்தில் நாயகியாக வெளிர்நிற நடிகை ஒருவர் முகத்தில் சாயம் பூசிக்கொண்டு நடித்தார். பெண் கேமராவுக்குப் பின்னால் வந்ததால் நிறத்தின் கணக்கு தானாக மாறிவிடவில்லை.

படத்துக்கு வெளியே

இது வெறும் கேளிக்கைப் படம், இவ்வளவு சுமையை இதன்மேல் ஏற்றலாமா என்று ஒருவர் கேட்கலாம். ஏற்றாமல் விட்டிருப்பேன், படத்தின் நாயகிக்கு அதே ஆண்டு நேர்ந்ததை அறியாதிருந்தால். 1960 மே மாதத்தில் ஆனா பெர்த்தா லெப்பேயின் தந்தை, மகளின் காதலரான நடிகர் அகுஸ்தின் தெ ஆந்தாவை மெக்சிக்கோ நகரின் ஓர் இரவு விடுதியில் சுட்டுக் கொன்றார். மகளின் மானத்தைக் காப்பதற்காக என்று பேசப்பட்டது. இறந்தவர், பண்ணைப் படங்களில் கறுப்புக் குதிரை வீரனாகப் புகழ்பெற்ற ராவுல் தெ ஆந்தாவின் மகன். சுட்டவர் சிறைக்குப் போனார். ஆனால் தொழிலில் தண்டனையை அனுபவித்தது லெப்பே. அவர் மீண்டும் நடிக்கத்தான் செய்தார், இருந்தாலும் அதுவரை ஏறுமுகமாக இருந்த வாழ்க்கை அந்த இரவோடு திசைமாறியது. தந்தை வைத்த குறியோடு, மகள் என்ன செய்தாள் என்ற கேள்வியும் எழுந்தது. மதுக்கடையில் உட்கார்ந்து லௌரியானோ அளந்த வீரக் கதைகளில் ஒன்றைப் போலத்தான் அந்தச் செய்தியும் சொல்லப்பட்டது. அங்கே சிரிக்க யாரும் இல்லை.

லொரெனா வெலாஸ்கெஸின் பாதை வேறு. பீட்டாவைப் படம் கொன்றது, பார்வையாளர்கள் கொல்லவில்லை. 1962இல் மல்யுத்த வீரர் சாந்தோவை எதிர்த்து நிற்கும் காட்டேரி ராணியாக அவர் வந்தார். மறு ஆண்டு மல்யுத்த வீராங்கனை. 1960களின் நடுவில் ஆல்ஃபிரெதோ பி. கிரெவென்னா எடுத்த விண்வெளிப் படம் ஒன்றில் பெண்கள் ஆளும் சிபிலா என்ற கிரகத்திலிருந்து பூமிக்கு வருகிறார்கள். பொழுதுபோக்குப் பூங்காவின் ராட்டினம் போல வேடமிட்ட விண்கலத்தில் டிக்கெட் வாங்கி ஏறியவர்களை அப்படியே கடத்திக்கொண்டு போகிறார்கள். அந்தக் கிரகத்தில் இரட்டைச் சகோதரிகள், ஒருத்தி கொடுங்கோல் அரசி, மற்றவள் இரக்கமுள்ளவள். இரண்டு வேடங்களையும் லொரெனாவுக்கே கொடுத்தார்கள்.